சிப்பந்தியை நிறுத்தும்போது ஒரு மாதச் சம்பளம்

"நாளை முதல் வரவேண்டாம்" என்று வாயால் சொல்லிச் சிப்பந்தியை அனுப்புவது நம்மில் பலருக்குப் பழக்கம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 இதற்கு இடம் தருவதில்லை. தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நிறுத்தத் தகுந்த காரணம் வேண்டும். கூடவே ஒரு மாத நோட்டீஸோ, அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் காரணம் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கல்லாவில் கைவைத்தார் என்றாலும், விசாரணை நடத்திச் சாட்சியத்தை எழுத்தில் பதிந்த பிறகே நோட்டீஸ் இன்றி நிறுத்தலாம். அவர் மேல்முறையீடு செய்யலாம்; ஆகவே நோட்டீஸ் நகலிலும் சம்பள வவுச்சரிலும் கையெழுத்து வாங்கி வைப்போம்.

பல வருஷம் மூட்டை தூக்கியவர் வீட்டில், அடுத்த வேலை கிடைக்கும்வரை அடுப்பெரிவது அந்த ஒரு மாதச் சம்பளத்தில்தான்.