சின்னப்பம்பட்டி முதல் பிரிஸ்பேன் வரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர்)

அமெரிக்க நாட்டில் கல்லூரி என்பது விளையாட்டு வீரனுக்கு ஓர் ஏணி. அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன் 'குவார்ட்டர்பேக்'. அவன் கல்லூரி அணியில் தேர்ச்சி பெற்ற பிறகே பெரும்பாலும் தொழில்முறை அணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். நம் கிராமத்து இளைஞனுக்கு அத்தகைய ஏணி எளிதில் கிட்டுவதில்லை. ஏணியின்றியே ஏறியவர் ஒருவர் நம் அண்டை மாவட்டமாகிய சேலத்தில் இருக்கிறார். அவர்தாம் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன்.

இளமை

நடராஜன் 1991-இல் பிறந்தவர். ஊர் சின்னப்பம்பட்டி. தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் சிறு கடை நடத்தியவர். ஏறத்தாழ இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில்தான். ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் அவருடைய திறமையை உணர்ந்து சென்னைக்கு வழிகாட்டினார். அங்கே லீக் ஆட்டத்தின் நான்காம் டிவிஷனில் தொடங்கி, படிப்படியாக முதல் டிவிஷனுக்கு உயர்ந்தார்.

யார்க்கரும் இயற்பியலும்

அவருடைய பேராயுதம் யார்க்கர், அதாவது மட்டையாளரின் காலடியில் விழும் பந்து. இதன் அருமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இரு கிரீஸ்களுக்கும் இடையே 17.68 மீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அத்தூரத்தை ஏறத்தாழ அரை வினாடியில் கடக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்தில் கையை விட்டுப் பந்து புறப்படுவதாகவும், காற்றின் தடை இல்லை என்றும் கொள்வோம். கோணம் ஒரே ஒரு பாகை மாறினால், விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகிவிடும்! பிறகு அது யார்க்கர் அன்று. எல்லைக் கோட்டைத் தாண்டும் பந்து. களைத்த கையோடு ஓர் ஓவரில் ஆறு முறையும் இதைச் செய்வது எத்தகைய பயிற்சி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோதனை

2015 ஜனவரியில் வங்காள அணிக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். ஆனால் பந்து வீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. பழகிய கையை மாற்றுவது எழுதிப் பழகிய கையெழுத்தை மாற்றுவதினும் கடினம். பயிற்சியாளர்கள் துணையோடு அதைத் திருத்தி மீண்டார். 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்து ஐதராபாத் அணியில் சேர்ந்தும் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளும் ஓர் ஆட்டமும் கிட்டவில்லை. காத்திருந்தார். 2020-இல் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

சாதனை

அவ்வாண்டு இறுதியில், வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காகவே ஆஸ்திரேலியா சென்றார். பிற வீரர்கள் காயமுற்றபோது வாய்ப்புகள் வந்தன. ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்சில் 3 விக்கெட்டுகளை எடுத்தார். 1988-க்குப் பின் அத்திடலில் தோல்வியே காணாத ஆஸ்திரேலியா அன்று தோற்றது.

முடிவுரை

நடராஜன் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் திடலை அமைத்தார்; அது 2023-இல் திறக்கப்பட்டது. தமக்குக் கிட்டாத ஏணியைத் தம்பிகளுக்கு நட்டுவைத்தார் எனலாம். அவரைப் பாராட்டுவதோடு நம் கடமை முடிவதில்லை. ஒரு ஜெயப்பிரகாஷ் கண்ணில் படாத நடராஜன்கள் எத்தனை பேரோ! வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். வகுப்பறை நமக்கு ஏணியானது போல, விளையாட்டுத் திடலும் ஏணியாக வேண்டும். மாலை நான்கு மணிக்குத் திடல் வெறிச்சோடிக் கிடக்கலாகாது, நண்பர்களே!