தோட்டம் யாருக்கு? உயில் பற்றி உழவர்கள் கேட்கும் கேள்விகள்

காதர்பேட்டையில் ஒரு பனியன் கடை, பல்லடம் பக்கமோ அவிநாசி பக்கமோ நாலு ஏக்கர் தோட்டம், வங்கியில் கொஞ்சம் டெபாசிட். நம் பகுதியில் பல குடும்பங்களின் சொத்து இப்படித்தான் இருக்கிறது. அங்கே வங்கி அதிகாரியாக இருந்தபோது, பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் வந்து கேட்ட கேள்விகள் எனக்குப் பழக்கம். ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்தபிறகு, நம் கூட்டங்களிலும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உயில் எழுதாமப் போனா என்னங்க ஆகும்?

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவரின் சொந்தச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவர் தாய் என எல்லோருக்கும் சமமாகப் போகும். முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அந்தப் பிள்ளையின் வாரிசுகளுக்கு. இஸ்லாமியர், கிறிஸ்தவர்களுக்கு விதிகள் வேறு.

பங்கு சட்டத்தில் தெளிவாக இருந்தாலும் சண்டை வரும். அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கைப் பாருங்கள். 1938-ல் ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார். 1949-ல் உயில் இல்லாமல் இறந்தார். அவருக்கு ஒரே மகள். அந்த அம்மாவும் 1967-ல் குழந்தையில்லாமல் இறந்தார். நிலம் மகளுக்குப் போனதா, தம்பி வகையறாவுக்குப் போனதா என்று வழக்கு. 1994-ல் விசாரணை நீதிமன்றமும் 2009-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. 2022 ஜனவரி 20-ல்தான் உச்ச நீதிமன்றம், நிலம் மகளுக்கே போனது என்று தீர்ப்பளித்தது. நிலத்துக்காரர் இறந்து 73 வருடம்! இரண்டு சாட்சியோடு ஒரு தாள் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

பொண்ணுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு. இன்னும் பங்கு உண்டுங்களா?

உண்டு. நகை போட்டது பங்கைத் தீர்த்ததாக ஆகாது. பரம்பரைச் சொத்தில், அப்போது திருமணமாகாத மகள்களுக்கு 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் பங்கு கொடுத்தது. 2005 திருத்தம் திருமணமான மகள்களுக்கும் சேர்த்து நாடு முழுவதும் கொடுத்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சொந்தமாகச் சம்பாதித்ததை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பரம்பரைச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். மகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உயிலைப் பத்திரத்துலதான் எழுதோணுங்களா? ரிஜிஸ்டர் பண்ணியே ஆகோணுமா?

வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதை இரண்டு பேர் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், சொத்தில் பங்கு இல்லாதவர்களாகவும் இருக்கட்டும். பின்னாளில் வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டிவரும். வயதானவர்கள் எழுதும்போது, சுயநினைவோடு இருந்தார் என்ற மருத்துவச் சான்றும் சேர்த்து வைப்பது நல்லது.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், போலி என்று சொல்வது கடினம். மனம் மாறினால் புதிதாக எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். அதனால் தேதியை மறக்க வேண்டாம்.

புரோபேட்டுன்னு சொல்றாங்களே?

உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று அது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. திருப்பூர் மாவட்டத்துத் தோட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் மட்டும் வழக்கறிஞரைக் கேட்டு முடிவெடுங்கள்.

பேங்குல நாமினி போட்டுட்டேன். அது போதாதா?

போதாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவே. அதை வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். நாமினியும் உயிலும் ஒரே ஆளைச் சொன்னால் குழப்பம் குறையும்.

கடை கூட்டு நிறுவனம் என்றால், பங்குதாரர் இறந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நிறுவனமே கலைந்துவிடும். வாடகைக் கடை என்றால், கொடுத்த அட்வான்ஸையும் ரசீதையும் உயிலில் குறிப்பிடுங்கள்.

இப்பவே பையன் பேருக்கு எழுதிக் குடுத்தரலாமுங்களா?

உயில் நீங்கள் இறந்தபிறகுதான் செயல்படும். தான செட்டில்மெண்ட் பதிந்த அன்றே செயல்படும். நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. கொடுப்பதாக இருந்தால், நீங்களும் வீட்டம்மாவும் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையையும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த வரி இருந்தால், பராமரிக்காத பிள்ளையிடமிருந்து நிலத்தை மீட்க 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு உதவும். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

இயற்கை விவசாயத் தோட்டத்துக்குத் தனியா என்ன எழுதோணும்?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கெல்லை எல்லோரும் எழுதுவார்கள். சண்டை வருவது மற்றவற்றில்தான். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, தண்ணீர் முறை எப்படி, மோட்டாரும் கரண்ட் சர்வீஸும் யாருக்கு, பைப்லைன் யார் நிலத்தின் வழியே போகிறது, வண்டித்தடம் எத்தனை அடி. ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது மண். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டச் சான்றுக்கு, ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு 3 ஆண்டும் மாறுதல் காலம். நாலு ஏக்கரை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, மேட்டுப் பாதியை மருந்தடிக்கும் மகனுக்கும் பள்ளத்துப் பாதியை இயற்கை விவசாயம் செய்யும் மகளுக்கும் கொடுத்தால், மழைத்தண்ணீரோடு அவர் மருந்தும் இவர் வயலுக்கு வரும். இடையில் தடுப்பு வரப்புக்கும் உயிர்வேலிக்கும் நிலம் போகும்.

என் யோசனை இது: தோட்டத்தை மண்ணில் கால் வைக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்குக் கடை, டெபாசிட், வீட்டுமனை என்று மதிப்பில் ஈடு செய்யுங்கள். அப்படிச் செய்ய முடியாவிட்டால், பங்கு போடும்போது சரிவையும் தண்ணீரையும் பார்த்துக் கோடு போடுங்கள். தோட்டத்தின் மேல் கடன் இருந்தால் அதையும் எழுதுங்கள். வரும் சொத்தின் அளவுக்கு வாரிசுகளும் கடனுக்குப் பொறுப்பு.

சரிங்க, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வைத்து மாற்ற விண்ணப்பியுங்கள். பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்து வையுங்கள். பிறகு மனைவி, மகன், மகள், மருமக்கள் எல்லோரையும் உட்காரவைத்து, என்ன எழுதப் போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோபப்படுகிறவர்கள் உங்கள் முன்னால் கோபப்படட்டும். பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். அதன்பின் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்துப் போடுங்கள். உயில் எங்கே இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.