வைக்கோல் கன்றும் குழி விழுந்த தோலும்

அரியலூர்ப் பக்கக் கிராமத்துப் பெரியவங்களைக் கேட்டா 'வைக்கோல் கன்று' பற்றிச் சொல்வாங்க. கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு மோந்து, நக்கும். ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும். அந்தக் கன்று கோணல்மாணலாத்தான் இருக்கும். பசுவுக்கு வாசனையே போதும்.

மனுசக் கண்ணுக்கு அது போதாது. புலி, சிறுத்தைகளைப் பாடம் பண்ணுவதில் பேர்பெற்ற மைசூர் வான் இங்கென் பட்டறை (1999இல் மூடப்பட்டது) வைக்கோலை நம்பவில்லை. தசைமேடுகளோடு காகிதக் கூழில் உடலை வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார்கள். இந்த உருவத்துக்குப் பெயர் 'ஃபார்ம்'.

தோல் ஏன் ஃபார்மில் படிய மாட்டேங்குது? ஈரத் துணியைக் குடத்தின்மேல் போர்த்தி, மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்க. வயிற்றில் ஒட்டும், கழுத்தில் தூக்கிக்கும். நம்ம மெக்கானிக்ஸ்தான்: இழுவிசையை வளைவு ஆரத்தால் வகுத்தால் அழுத்தம். மேடான இடத்தில் அது தோலை உள்ளே அமுக்கும். குழியில் திசை மாறி வெளியே தள்ளும். தோல் காயக் காயச் சுருங்குவதால் இழுவிசையும் ஏறும். ராத்திரி சரியாயிருந்த கண்குழி காலையில் பறை மாதிரி விறைத்து நிற்பது இதனால்தான்.

அதனால் குழிகளில்தான் கவனம்: கண்ணோரம், மூக்குத்துளை, காதடி, அக்குள். அங்கே தோலின் உள்பக்கத்தை மெல்லிசாகச் சீவி, பசை தடவி, விரலால் அமுக்கி, குண்டூசி குத்தி, காயும்வரை விடணும். ஃபேன் போட்டு அவசரப்படுத்தாதீங்க.

பசை தடவும் முன் ஒருமுறை சும்மா போர்த்திப் பாருங்க. தோல் பத்தலைன்னா இழுக்காதீங்க, ஃபார்மைச் சீவுங்க. மிச்சமிருந்தால் ஒரே மடிப்பாக ஒதுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தையல் பக்கம் தள்ளுங்க. ஊசி உள்ளிருந்து வெளியே வரட்டும், முடி சிக்காது. நான் முதல்ல தலைகீழாத் தைச்சு, பாதி நாள் முடியை இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பழக ஆட்டுத்தோல் போதும், கறிக்கடையில் கிடைக்கும். ரோட்டில் அடிபட்ட மயிலைப் பார்த்து ஆசைப்படாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்குச் சொல்லிட்டு நகருங்க.