பூ இருக்கு... பிஞ்சு எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: ‘‘பூசணிக்கொடி நல்லாத்தான் படருது. பூவும் பூக்குது. பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துடுது!’’ உடனே உரத்தை அள்ளிக் கொட்டுவோம். ஆனால், பல வீடுகளில் குறை உரத்தில் இல்லை. தேனீ வரவில்லை, அவ்வளவுதான்.

பூசணி, பாகல் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தம் அதில் ஒட்டினால்தான் பிஞ்சு காயாகும். பூசணி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. பூவோ விடியற்காலையில் விரிந்து, முற்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். அதற்கு உங்கள் தோட்டம் ஏற்கெனவே அதற்குப் பழகிய இடமாக இருக்க வேண்டாமா? ஆகவே, காய்கறிக்கொடி பூப்பதற்கு முன்பே பூக்கும் செடிகள் சில தேவை.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். தாழ்வான மனைகளில் தண்ணீர் நின்று விதை அழுகிவிடும். அதனால் மார்கழி பிறந்ததும் ஆரம்பியுங்கள். அஞ்சறைப் பெட்டிக் கடுகையே ஒரு சிட்டிகை தூவினால் போதும், ஐந்தாறு வாரத்தில் மஞ்சளாகப் பூத்துவிடும். தனியாவை இரண்டாக உடைத்து விதைத்து, ஒரு வரிசையை மட்டும் சட்னிக்குக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். அதன் வெள்ளைப் பூவுக்குத் தேனீயோடு, அதைப் போலவே உடம்பில் வரி போட்ட, ஆனால் கொட்டாத ஒருவகை ஈயும் வரும். அந்த ஈயின் புழு அசுவினியைத் தின்னும். மருந்துச் செலவு மிச்சம்! பதினைந்து நாள் கழித்து இன்னொரு பிடி விதை தூவுங்கள். தையில் போட்ட கொடி மாசிக் கடைசியில் பூக்கும்போது, பக்கத்தில் பூ தொடர்ந்து இருக்கும். துளசி, திருநீற்றுப்பச்சை இரண்டிலும் பாதிக் கதிரையாவது கிள்ளாமல் விடுங்கள்.

நர்சரியில் அடுக்குச் செம்பருத்தியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழாகவே மாறியிருக்கும். பார்க்க அழகுதான், பூச்சிக்குப் பட்டினி. ஒற்றைப் பூவாகவே கேட்டு வாங்குங்கள். ‘‘எங்க வீட்லதான் மல்லி இருக்கே’’ என்பீர்கள். அதை மொட்டிலேயே பறித்துத் தலையில் வைத்துக்கொண்டால், தேனீக்கு என்ன மிச்சம்?

புடலை, சுரை போன்றவை சாயங்காலம் பூப்பவை. அவற்றுக்கு அந்துப்பூச்சி வர வேண்டும். வேலியோரம் அந்திமந்தாரை இருக்கட்டும்.

சரி, குழந்தைகளைக் கொட்டிவிடாதா? பூவில் தேனெடுக்கும் தேனீ, நசுக்கினாலோ மிதித்தாலோ ஒழியப் பெரும்பாலும் கொட்டாது. இருந்தாலும், இந்தச் செடிகளை வாசற்படி, விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்து, குளிர்ந்த நீர் ஒத்தடம் கொடுங்கள். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாம் உண்மையில் பயப்பட வேண்டியது கொசுவுக்கு. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால், டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும், காலையில் பூ விரிந்திருக்கும்போது தெளிக்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள்.

தேனீ வந்து பழகும்வரை, காலை ஏழு மணி வாக்கில் ஓர் ஆண் பூசணிப்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குப் போதும்.