பையில்லாத் தூசு உறிஞ்சியும் நுண்தூசும்

 

முன்னாளில் தோட்டத்து லயங்களில் துடைப்பமும் முறமும் செய்த வேலையை இன்று பல இல்லங்களில் மின்சாரத் தூசு உறிஞ்சி செய்கின்றது. அவற்றுள் பை இல்லாத வகையைப் பலரும் விரும்பி வாங்குகின்றனர். பை வாங்கும் செலவு இல்லை. சேர்ந்த குப்பையும் கண்ணெதிரே கிண்ணத்தில் தெரிகின்றது. ஆயினும், மிக நுண்ணிய தூசை இக்கருவியிடம் நம்பி ஒப்படைக்கலாமா? இதுவே இப்பாடத்தின் வினா. மேரு, காப்பார் வட்டாரத்தில் மரத் தளவாடத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெற்றோர்களும், வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்களும், இளைப்பு நோயுள்ள பிள்ளைகளும் இருப்பதால், இதனை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

தூசின் அளவு

ஒரு மில்லிமீட்டரை 1,000 சம பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மைக்ரோன் ஆகும். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். 10 மைக்ரோனுக்கு மேற்பட்ட தூசில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 2.5 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான தூசோ நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று சேரும். புகைமூட்டக் காலத்தில் நம்மை வாட்டுவது பெரும்பாலும் இவ்வகைத் தூசே. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசர நிலை அறிவிக்கப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் குப்பையைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத தூசே நமக்கு மிகுந்த கேடு விளைவிக்க வல்லது என்பதை முதலில் மனத்திற் கொள்ளுக.

சுழற்காற்றின் வேலை

நனைந்த குடையை விரித்துச் சுழற்றினால் நீர்த்துளிகள் விளிம்பிலிருந்து தெறித்து விழும். பையில்லாக் கருவியும் இவ்விதியைக் கொண்டே இயங்குகின்றது. தூசு கலந்த காற்று ஒரு கூம்பினுள் பக்கவாட்டில் புகுந்து வேகமாகச் சுழலும். கனமான துகள்கள் கூம்பின் சுவரில் மோதிக் கீழேயுள்ள கிண்ணத்தில் விழும். காற்று நடுவழியே மேலெழுந்து வெளியேறும். இவ்வமைப்புக்குச் சைக்கிளோன் என்று பெயர்.

தூசு உறிஞ்சிக் கருவியை 1901-ஆம் ஆண்டில் உருவாக்கியவர்களுள் ஒருவர் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். பின்னர், மர அறுவை ஆலையில் தூளைப் பிரிக்கும் சைக்கிளோனைக் கண்டு, அதனை வீட்டுக் கருவியில் அமைக்க முயன்றவர் ஜேம்ஸ் டைசன் என்பவர். 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே அவர் தம் முயற்சியில் வெற்றி கண்டார் என்பது மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

செம்பனை ஆலை கற்பிக்கும் பாடம்

செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்த பெரியவர்களுக்குச் சைக்கிளோன் புதிதன்று. பழத்தைப் பிழிந்தபின் நாரையும் கொட்டையையும் பிரிப்பதற்குக் காற்றின் விசையே பயன்படுகின்றது. கொட்டை கீழே விழ, இலேசான நாரைக் காற்று மேலே இழுத்துச் சென்று சைக்கிளோனில் சேர்க்கும். அங்கு நாரும் காற்றும் பிரியும். அந்நார் கொதிகலனுக்கு எரிபொருளாகும். கொதிகலனிலிருந்து வரும் புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கவும் பல சைக்கிளோன்களை ஒன்றாக இணைத்து வைப்பதுண்டு.

நார் தவறாமல் பிடிபடுகின்றது. நுண்சாம்பலோ தப்பிப் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது. 1978-ஆம் ஆண்டின் தூய காற்று விதிகளில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 400 மில்லிகிராமாக இருந்த தூசு வரம்பு, 2014-ஆம் ஆண்டின் விதிகளில் இவ்வகைக் கொதிகலன்களுக்கு 150 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அதன்பின், சைக்கிளோன் மட்டும் போதாமையால், மின்விசையால் தூசை ஈர்க்கும் கருவி, துணி வடிகட்டி முதலியவற்றைப் பல ஆலைகள் சேர்த்து அமைக்க வேண்டியதாயிற்று.

இதன் காரணம் யாது? ஒரு துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எடை குறையக் குறையச் சுவரை நோக்கித் தள்ளும் விசையும் குறையும். ஆகையால் நுண்துகள் காற்றோடு காற்றாகவே போய்விடுகின்றது. ஆலையின் பெரிய சைக்கிளோனுக்குள்ள இக்குறை, வீட்டிலுள்ள சிறிய சைக்கிளோனிலும் முற்றிலும் நீங்குவதில்லை.

வடிகட்டியே காவலன்

சைக்கிளோனைத் தாண்டிய நுண்தூசைப் பிடிப்பது அதன் பின்னாலுள்ள வடிகட்டியே. அவற்றுள் உயர்ந்தது ஹெப்பா வடிகட்டி. அது 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்க வல்லது. ஆனால் வடிகட்டி சிறந்ததாக இருந்து, கருவியின் மூடியிலும் இணைப்புகளிலும் இடைவெளி இருந்தால், தூசு அவ்வழியே வெளியேறிவிடும். அப்பொழுது தரையில் கிடந்த தூசை நாமே அறை முழுவதும் தூவியவர்கள் ஆவோம். 'ஹெப்பா போன்றது' என்று அட்டையில் எழுதியிருப்பதும் ஹெப்பா ஆகாது.

கிண்ணத்தைக் கொட்டும் வேளை

காற்றுக் கசிவில்லாத, ஹெப்பா வடிகட்டியுள்ள பையில்லாக் கருவி, இயங்கும்போது வீட்டின் அன்றாடத் தூசை நன்றாகவே பிடிக்கும். அபாயம் அதனைத் திறக்கும்போதே தொடங்குகின்றது. பையுள்ள கருவியில் தூசு பைக்குள்ளேயே அடங்கியிருக்கும். பையின் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். பையில்லாக் கருவியிலோ கிண்ணத்தைக் கவிழ்த்தவுடன் நுண்தூசு மேலெழும். அசைவற்ற காற்றில் 10 மைக்ரோன் துகள் ஒரு மீட்டர் கீழிறங்க ஐந்தாறு நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரோன் துகளுக்கோ ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும்! கொட்டியவர் சென்றபின்பும் அத்தூசு அங்கேயே மிதக்கும். இளைப்பு நோயுள்ள பிள்ளை உள்ள வீட்டில் பையுள்ள கருவியே ஏற்றது என்பதற்குக் காரணம் இதுவே.

வீட்டுக் கருவியிடம் கொடுக்கக் கூடாதவை

சிமெண்டு, சுவர்ப் பூச்சு ஆகியவற்றின் தூளை உறிஞ்சினால் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும், இழுவிசை குறையும், மோட்டார் சூடேறும். கல், சிமெண்டு முதலியவற்றை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசும் மரத்தூசும் புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-களிலேயே வகைப்படுத்தியுள்ளது. இத்தகைய தூசுக்கெனத் தொழில்துறைக் கருவிகள் எல், எம், எச் என மூன்று வகுப்புகளாக உள்ளன. மரத்தூசுக்கு எம் வகுப்பும், கல்நாருக்கு எச் வகுப்பும் வேண்டும். பழைய கல்நார்க் கூரைத் தகட்டை நாமே உடைப்பதும் அதன் தூளை உறிஞ்சுவதும் கூடவே கூடாது.

சாம்பிராணித் தணல், ஊதுவத்திச் சாம்பல், அணையாத கற்பூரம் ஆகியவற்றின் அருகில் கருவியைக் கொண்டு செல்லாதீர்கள். மாவும் மரத்தூளும் காற்றில் அடர்ந்து நிற்கும்போது ஒரு சிறு பொறியும் தீயை உண்டாக்கப் போதுமானது. திருநீறு, குங்குமம், மாவு ஆகியவை சிறிதளவு சிந்தினால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே நன்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கிண்ணத்தை வீட்டிற்கு வெளியே, காற்று நம் முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று, நெகிழிப் பையினுள் தாழ்த்திக் கொட்டிப் பையின் வாயைக் கட்டுக. முகக்கவரி அணிக. பிள்ளைகளை அருகில் விடாதீர்.

2. கழுவத்தக்க வடிகட்டியைக் கழுவினால் முழுதும் உலர்ந்த பின்னரே பொருத்துக. கழுவக் கூடாத வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்றுக.

3. மரத்தூள் படிந்த உடையோடு பிள்ளையைத் தூக்காதீர். வேலை முடிந்ததும் உடையை மாற்றிக் கைகால் முகம் கழுவுக. உடையை வீட்டினுள் உதறாதீர்.

4. புகைமூட்ட நாள்களில் உலர்ந்த துடைப்பத்தை ஒதுக்கி, ஈரத்துணியால் தரையைத் துடைக்கவும்.

நம் பாட்டிமார் நீர் தெளித்துக் கூட்டியதும் இவ்விதியை ஒட்டியதே. ஈரம் தூசை எழ விடாது. கருவி வாங்க இயலாத இல்லத்திலும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

முடிவாக, பையில்லாக் கருவி தீயதன்று. ஆனால் சைக்கிளோன் ஒன்றையே நம்பி நுண்தூசை அதனிடம் ஒப்படைத்தல் தகாது. நல்ல வடிகட்டி, கசிவில்லாத உடல், கவனத்தோடு கொட்டும் கை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வீட்டுத் தூசுக்கு அது பாதுகாப்பாகும். சிமெண்டுக்கும் மரத்தூசுக்கும் வேறு கருவியே வேண்டும். நுரையீரலைக் கழற்றிக் கழுவ இயலாது; ஆதலால் தூசு உட்புகுமுன் காப்பதே அறிவுடைமை.

பயிற்சி வினாக்கள்

1. தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரோன், தூசின் விட்டம் 2.5 மைக்ரோன் எனில், எத்தனை துகள்களை வரிசையாக வைத்தால் முடியின் தடிப்பாகும்?

2. சைக்கிளோனில் நார் பிடிபடுவதும் நுண்சாம்பல் தப்புவதும் ஏன்?

3. உங்கள் வீட்டுத் தூசு உறிஞ்சியின் கையேட்டைப் பெற்றோருடன் படித்து, உறிஞ்சக் கூடாதவை எனக் குறிக்கப்பட்டவற்றை எழுதி வருக.