ஒரு பாட்டிலா, இரண்டா, ஐந்தா?

பழச்சுவையோடு ஜின் காக்டெயில் கலக்கக் குறிப்புகள் ஏராளம். வீட்டில் கலப்பவருக்கு மூன்று தெரிந்தால் போதும் என்பது என் கட்சி: ஃபிலடெல்ஃபியாவின் கிளோவர் கிளப், லண்டனின் பிராம்பிள், சிங்கப்பூர் ஸ்லிங். முதலாவதில் பழம் சர்க்கரைப் பாகாக வருகிறது. இரண்டாவதில் லிக்யூர் எனப்படும் இனிப்பு மதுவாக. மூன்றாவதில் பெரும்பாலும் சாறாக. மூன்றுமே ருசிதான். ஆகவே எத்தனை பாட்டில் வாங்கி அலமாரியில் அடுக்கத் தயார் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

கிளோவர் கிளப்புக்கு ஜின் ஒன்றை வாங்கினால் போதும். மற்ற வேலையெல்லாம் அடுப்படியில். 1880-களில் தொடங்கி ஃபிலடெல்ஃபியாவில் கூடி விருந்துண்டு அரட்டையடித்த ஒரு சங்கத்தின் பெயர் அது. பின்னாளில் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஓட்டல் அவர்கள் கூடும் இடமானது. ஜின் 45 மி.லி., ராஸ்பெர்ரிப் பாகு 15, எலுமிச்சைச் சாறு 15, கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு. அவ்வளவுதான்.

இதன் உயிர் பாகில் இருக்கிறது. உறைந்த ராஸ்பெர்ரியே போதும், சொல்லப்போனால் அதுதான் வசதி. உறையும்போது பழத்தின் திசு உடைந்துவிடுவதால் சாறு தானாக இறங்கும். ஒரு கப் சர்க்கரையை அரை கப் தண்ணீரில் கரைய விட்டு, அடுப்பை அணைத்த பிறகு ஒரு கப் பழத்தைப் போட்டு மசித்து மூடிவையுங்கள். அரை மணி கழித்து வடிகட்டலாம். பழத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பச்சை வாசம் போய் ஜாம் வாசம் வந்துவிடும். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

குலுக்குவதில் இரண்டு கட்டம். முதலில் ஐஸ் இல்லாமல் இருபது விநாடி, பிறகு ஐஸ் போட்டு இன்னொரு முறை. முதல் கட்டத்தில் மூடியை இறுக்கிப் பிடியுங்கள். உள்ளே குளிர்ச்சி இல்லாததால் மூடி லேசாகத் தளரும், சமையலறைச் சுவர் இளஞ்சிவப்பாகும். ஷேக்கர் இல்லாவிட்டால் இறுக்கமான மூடி போட்ட ஊறுகாய் ஜாடி போதும். சரியாக வந்தால் கோப்பையில் ஊற்றியதும் மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை நுரை பிரிந்து நிற்கும். பச்சை முட்டைக்கு யோசிப்பவர்கள், சால்மொனெல்லா பயம் நியாயமானதுதான், கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை 15 மி.லி. சேர்க்கலாம். நுரை கிட்டத்தட்ட அதேபோல் வரும்.

எலுமிச்சை பற்றி ஒன்று. இந்தக் குறிப்புகளில் வருவது பெரிய மஞ்சள் எலுமிச்சை. நம் சந்தையில் கிடைக்கும் சிறிய நாட்டு எலுமிச்சையின் வாசம் வேறு, லேசான கசப்பும் உண்டு. அளவைக் கொஞ்சம் குறைத்து ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஸ்லிங்குக்கு மட்டும் நாட்டு எலுமிச்சையே பொருந்தும்.

பிராம்பிள் சுலபமானது. 1980-களில் லண்டன் சோஹோவில் டிக் பிராட்செல் உருவாக்கியது. ஜின் 50, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 12.5 மி.லி.; குலுக்கி, நொறுக்கிய ஐஸ் மீது ஊற்றி, அதன் மேல் கிரேம் டி மூர் என்ற பிளாக்பெர்ரி லிக்யூர் 15 மி.லி.யைச் சுற்றிலும் விடவேண்டும். கலக்காதீர்கள், ஊதா இழைகள் ஐஸுக்குள் தானாக இறங்கட்டும். ஐஸைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் இரண்டு போடு போட்டால் நொறுங்கிவிடும். அந்த லிக்யூர் நம் ஊர்க் கடைகளில் எளிதில் அகப்படாது. நாவல்பழப் பாகு விட்டால் நிறம் கச்சிதம், துவர்ப்பு கூடுதல். எனக்கு அது பிடிக்கும், ஆனால் அதைப் பிராம்பிள் என்று சொல்லமாட்டேன்.

சிங்கப்பூர் ஸ்லிங்தான் செலவாளி. ஜின் 30 மி.லி., செர்ரி லிக்யூர் 15, குவாந்த்ரோ என்ற ஆரஞ்சு லிக்யூர் 7.5, பெனடிக்டைன் என்ற மூலிகை லிக்யூர் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சை 15, மாதுளைப் பாகான கிரெனடின் 10, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஒரு சொட்டு. மது வகையிலேயே ஐந்து பாட்டில். பெனடிக்டைன் பாட்டிலைத் திறந்தால் தீர்வதற்கு வருடமாகும். ராஃபிள்ஸ் ஓட்டலில் நியாம் டோங் பூன் 1915-இல் கலந்தது என்பது அந்த ஓட்டல் சொல்லும் வரலாறு. ஆனால் லண்டனில் 1930-இல் வெளியான சவாய் காக்டெயில் புத்தகத்தில் இந்தப் பெயரில் இருப்பது ஜின், செர்ரி பிராந்தி, எலுமிச்சை, சோடா மட்டுமே, அன்னாசி கிடையாது. பர்ஸ் இளைத்தவர்கள் அந்தப் பழைய முறைக்குப் போகலாம். இரண்டே பாட்டில், குறைவான இனிப்பு.

ஸ்லிங் சாறுபோல இறங்கும், அதுதான் அதன் வஞ்சகம். 40 சதவீத ஜின் என்று வைத்துக் கணக்குப் போட்டால் கிளோவர் கிளப்பில் சுத்த ஆல்கஹால் 18 மி.லி. ஸ்லிங்கில் ஜின் குறைவுதான், ஆனால் மூன்று லிக்யூரும் சேர்ந்து மொத்தம் 21 மி.லி.யைத் தாண்டிவிடும், பிராம்பிளும் அதே கணக்குதான். பிராம்பிளைக் குடிக்கும்போது மது என்று தெரியும், ஸ்லிங்கில் தெரியாது.

எதுவானாலும் லண்டன் டிரை வகை ஜினையே வாங்குங்கள். ஸ்ட்ராபெர்ரி வாசம் ஏற்றிய இளஞ்சிவப்பு ஜின்கள் பலவற்றில் இனிப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதோடு பாகும் சேர்ந்தால் திகட்டும். பழத்தை நீங்கள் போடுங்கள், ஜூனிபர் வாசத்தை ஜின் பார்த்துக்கொள்ளும்.

முதல்முறை கலப்பவருக்கு கிளோவர் கிளப். முட்டையே ஆகாது, இரண்டு முறை குலுக்கப் பொறுமையும் இல்லை என்றால் பிராம்பிள். எட்டுப் பத்துப் பேர் வரும் வீட்டு விருந்துக்கு ஸ்லிங் கட்டுப்படியாகும், பாட்டில்களும் காலியாகும். அப்போது எல்லாவற்றையும் ஐஸ் இல்லாமல் ஜாடியில் கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பரிமாறும்போது இரண்டிரண்டு கிளாஸாக ஐஸ் போட்டுக் குலுக்குங்கள். புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாறு குலுக்கினால்தான் நுரைக்கும், கரண்டியால் கலக்கினால் நுரைக்காது.