கோடை விடுமுறையும் தறிக் குடும்பங்களும்

சித்திரைத் திங்களில் காஞ்சிபுரத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்குகிறது. ஆனால் தறிகளுக்கு விடுமுறை இல்லை. திருமண முகூர்த்தங்கள் நிறைந்த காலமாதலால் பட்டுக்குத் தேவை மிகுந்திருக்கும். வீட்டில் பிள்ளைகளும் இருப்பார்கள். எனவே, "சும்மா இருக்கும் பிள்ளை ஒரு கை கொடுக்கட்டுமே" என்னும் எண்ணம் பெற்றோருக்கு எளிதில் தோன்றுகிறது. இவ்வெண்ணம் சரிதானா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

பிள்ளையின் கை தறிக்கு ஏன் தேவைப்பட்டது?

காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கோர்வைக் கரையில் உள்ளது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்றும், இரு கரைகளுக்கு ஒவ்வொன்றும் ஆகும். குழித்தறியில் அமர்ந்து மிதியை இயக்கும் நெசவாளர் ஒருவரே இம்மூன்றையும் கையாளுவது கடினம். ஆகவே ஒரு பக்கக் கரையின் நாடாவை வாங்கி எறிய அருகில் மற்றொருவர் அமர வேண்டியதாயிற்று. அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே.

இவ்வழக்கம் வறுமையோடும் கடனோடும் சேர்ந்தபோது கொடிதாயிற்று. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் பிறர் தறிகளில் கட்டுண்டு உழைத்தனர். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு மனித உரிமை அறிக்கையொன்றில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பன்னெடு நாள் உழைத்து, அப்பிள்ளைகளுள் பலரைப் பள்ளிக்கு அனுப்பின. அவ்வாறு வென்ற இடத்தை விடுமுறை என்னும் வாயில் வழியாக இழந்துவிடலாகாது.

சட்டம் கூறுவது

குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றமாகும். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் மட்டும், பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோ, பிள்ளை பெற்றோருக்கு உதவலாம் எனச் சட்டம் விலக்களிக்கிறது. இதனைச் சிலர் முழு அனுமதியாகக் கொள்கின்றனர். அது பிழை. 2017-ஆம் ஆண்டு விதிகள், அவ்வுதவியும் நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேற்படலாகாது, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது, இடையே ஓய்வு தரப்பட வேண்டும் என்று வரையறுக்கின்றன. எந்தத் தொழில் ஆபத்தானது என்பதற்குத் தனிப் பட்டியலும் உண்டு. ஆதலின் எவரும் தாமே முடிவு செய்யாமல், தொழிலாளர் துறை அலுவலரிடம் கேட்டறிதல் நலம்.

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே கூறுகிறது. இந்தியா 1992-இல் இதனை ஏற்றுக்கொண்டது.

கூலி குறையாதா?

இஃது நியாயமான கேள்வியே. நெசவுக் கூலி சேலைக் கணக்கில் கிடைப்பது. துணைக்கை இல்லையேல் சேலை முடிய நாள் கூடும். இதற்குச் சில வழிகளைக் கூறுவோம்.

1. அண்டை வீட்டார் இருவர் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் தறியில் மற்றவர் துணை அமரலாம்.

2. கோர்வை இல்லாமல் ஒரே நாடாவில் நெய்யும் சேலைகளைச் சித்திரை, வைகாசி மாதங்களுக்குத் தருமாறு கூட்டுறவுச் சங்கத்தை முன்னதாகவே கேட்கலாம்.

3. வைகறையில் தறியில் அமர்ந்து, நண்பகல் வெயிலில் ஓய்ந்து, மாலையில் மீண்டும் தொடரலாம். காய்ந்த வெப்பக் காற்றில் பட்டிழை எளிதில் அறும். களைத்த கண்ணுக்கு அறுந்த இழை விரைவில் புலப்படாது. எனவே நண்பகல் ஓய்வால் பெரியவர்களுக்கும் நன்மை உண்டு.

விளையாட்டுக்கு வழி

நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பிள்ளைகள் நிழலிலேயே இருத்தல் வேண்டும். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம், சொட்டாங்கல் ஆகியவை திண்ணையில் ஆடத் தக்கவை. பெரும் பொருட்செலவும் வேண்டா. மாலையில் கபடி, கிட்டிப்புள், பச்சைக்குதிரை ஆடலாம். நீர்மோர், பானகம், நுங்கு முதலியன உடலைக் காக்கும். குளங்களில் நீராடப் பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை அனுப்பலாகாது. ஊராட்சி மன்றமும் மகளிர் குழுவும் சேர்ந்து, மாலை நேரத்தில் ஒரு திடலைத் தூய்மை செய்து தந்தால் அதுவே பெருந்தொண்டாகும். நூலகம் அருகிலிருந்தால் காலைப்பொழுதை அங்கே கழிக்கச் செய்யலாம். பெண் பிள்ளைகளை வீட்டு வேலையில் நிறுத்திவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் விளையாட விடுவது முறையன்று. ஓய்வு இருவர்க்கும் பொதுவானது.

கோடையில் இளைப்பாறுதல் காஞ்சிக்குப் புதியதன்று. சித்ரா பௌர்ணமியன்று வரதராசப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளி, படியிறங்கிச் சென்று, நிலத்தடியிலுள்ள குளிர்ந்த மண்டபத்தில் வீற்றிருக்கிறார். இறைவனுக்கே வெயில் தணிய ஓரிடம் அமைத்த ஊர் இது. அவ்வூரில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாத விளையாட்டை மறுக்கலாமா?

நெசவுக் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா கல்வியால் உயர்ந்து இம்மாநிலத்தின் முதலமைச்சரானார். நம் வீட்டுப் பிள்ளைகளும் தெளிந்த உள்ளத்தோடும் உரம் பெற்ற உடலோடும் மீண்டும் பள்ளி புக வேண்டும். அதற்கு இவ்விடுமுறையைத் தறியிடமிருந்து காத்துத் தருவது பெற்றோரும் சங்கங்களும் ஒருங்கே ஏற்க வேண்டிய கடமையாகும்.